பில்டர் போட்ட பூட்டை உடைக்கலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் மூன்று கடைகள் கட்டினேன். கூரை ஒழுகுவதால் கடைசித் தவணை 3,80,000 ராண்டை நிறுத்தி வைத்தேன். பில்டர் வாசலைப் பூட்டிக் காவலாளியும் போட்டுவிட்டார். "உன் இடம்தானே, உடை" என்கிறார் மச்சான். செய்யலாமா?

பதில்: மச்சான் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். நிலம் உங்கள் பெயரில் இருக்கலாம்; இடம் இப்போது பில்டர் கைவசம். பூட்டை உடைத்தால் அவர் நீதிமன்றம் போவார். யார் பக்கம் நியாயம், கூரை ஒழுகுகிறதா என்றெல்லாம் நீதிபதி அங்கே கேட்கமாட்டார். "முதலில் இடத்தைத் திருப்பிக் கொடு" என்பதுதான் உத்தரவாக வரும், வழக்குச் செலவோடு. கூலி வரும்வரை கட்டடத்தைப் பிடித்துவைக்கும் பற்றுரிமை தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் பில்டருக்கு உண்டு.

ஆனால் அந்த உரிமை, இடம் அவர் கைவசம் இருக்கும்வரைதான். அவராகவே விட்டுப் போனால் உரிமையும் போயிற்று. அப்புறம், ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். ஜேபிசிசி (கட்டட ஒப்பந்தங்களுக்கான கூட்டுக் குழு) வெளியிடும் மாதிரி ஒப்பந்தப் படிவம் போன்றவற்றில் கையெழுத்திடும்போது பில்டர்கள் இந்த உரிமையை விட்டுக்கொடுப்பது வழக்கம். அப்படி ஒரு வரி இருந்தால் உங்கள் கை ஓங்கும். இல்லாவிட்டால், பில்டர் கேட்கும் தொகைக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்து, இடத்தை விடுவிக்கும்படி வக்கீல் மூலம் நீதிமன்றத்தைக் கேட்கலாம். வாடகை நஷ்டத்தைப் பார்த்தால் எனக்கு இதுதான் சரியான வழியாகத் தெரிகிறது.

சரி, கூரை? தென்னாப்பிரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தின், 1979-இல் வெளியான பி.கே. டூலிங் தீர்ப்பின்படி, குறைவேலை செய்தவர் முழுத் தொகையையும் கேட்க முடியாது. நீங்கள் கட்டடத்தைப் பயன்படுத்தத் தொடங்கினால், குறையைச் சரிசெய்யும் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம். அந்தச் செலவு எவ்வளவு என்று நிரூபிப்பது பில்டர் பொறுப்பு. அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். பொறியாளரிடம் அறிக்கை வாங்கி, மழை நாளில் படம் எடுத்து வையுங்கள்.

சாதாரணக் கடனுக்கு (இதுபோன்ற பணக் கோரிக்கையும் அதில் சேரும்) வழக்குப் போடக் கெடு மூன்று வருடம்; 1969 காலாவதிச் சட்டம் அப்படி. பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று நாளைக் கடத்தினால் கோரிக்கை செத்துப்போகும்.

இன்னொன்று. வீட்டுக்கு இருக்கும் என்ஹெச்பிஆர்சி (வீடு கட்டுபவர்களைப் பதிவுசெய்யும் தேசியக் குழு) உத்தரவாதம் கடைக்குக் கிடையாது. சாவி கைக்கு வந்தாலும், கட்டடத்தைப் பயன்படுத்தலாம் என்று மாநகராட்சி தரும் சான்று வாங்காமல் வாடகைக்காரரை உள்ளே விடாதீர்கள்.