போர்க்காலத்தில் பிரிட்டன் ஏழை மாணவர்களைக் கவனித்தது எப்படி? அப்போது நம் தோட்டப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது?

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போர் வந்தால் ஏழைகளுக்கான செலவில்தான் முதலில் கை வைப்பார்கள் என்று நினைப்போம். பிரிட்டனில் நேர்மாறாக நடந்தது. 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து நகரங்களிலிருந்து ஏறக்குறைய 15 லட்சம் பேரை வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். தலையில் பேன், உடம்பில் சிரங்கு, காலில் கிழிந்த சப்பாத்து. ஏழைக் குடியிருப்புப் பக்கமே போகாதவர்கள் வீட்டில் அந்தப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். வளர்த்த லட்சணத்தைப் பார் என்று தாய்மாரைத்தான் முதலில் திட்டினார்கள். ஆனாலும் விஷயத்தை மூடி மறைக்க முடியவில்லை.

பள்ளியில் சாப்பாடு போட 1906-லேயே அங்கே சட்டம் உண்டு. ஆனால் சத்துக்குறைவு என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் இலவசத் தட்டு. 1941-இல் அந்தப் பிடியைத் தளர்த்தி, மானியத்தையும் கூட்டினார்கள். 1940-இல் நாளொன்றுக்கு 1,30,000 பிள்ளைகள் சாப்பிட்டார்கள். 1945 தொடக்கத்தில் 16 லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் காசு கொடுத்தார்கள், முடியாதவர்களுக்கு இலவசம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். எல்லாரும் ஒரே சாப்பாட்டுக்கு வரும்போது ஏழைப் பிள்ளை தலை குனிய வேண்டியதில்லை. 1934 முதல் அரைப் பென்னிக்கு விற்ற பள்ளிப் பாலும் 1946-இல் எல்லாருக்கும் இலவசமானது.

அப்புறம் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) தடுப்பூசி. போருக்கு முன் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 3,000 உயிர்களைக் குடித்த நோய் அது. 1946-இல் சாவு 500-க்கும் கீழே வந்துவிட்டது.

சரி, இங்கே? மலாயாவை ஆண்டதும் அதே பிரிட்டன்தான். 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் கிராணியோ (எழுத்தர்) கங்காணியோ (கூலியாட்களின் மேற்பார்வையாளர்)தான் வாத்தியார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்ததும் அதுவும் சீர்குலைந்தது. அரிசிக்குப் பதில் மரவள்ளி. மலேரியாவுக்குக் கொய்னா கிடைக்கவில்லை. அப்பாக்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள்; பலர் திரும்பவேயில்லை.

அப்போது என் அம்மா சின்னப் பெண். துணி இல்லாமல் சாக்கைத்தான் பாவாடையாகத் தைத்துக் கட்டினார்களாம். தொடையெல்லாம் சிரங்கு. தோட்டத்து மருந்தாளரான டிரெசரிடம் மருந்து இல்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு, சாக்கு புண்ணில் உரசாமலிருக்கக் காலை அகட்டி அகட்டி நடந்ததைச் சொல்வார்.

இன்று இங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சாப்பாடு தரும் துணை உணவுத் திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம். ஆனால் ஒரு பள்ளியில் சபைகூடலில் பெயர் வாசித்துப் பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பினார்கள். நாலாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு பையன்கள் "பசிக்கல சார்" என்று கேன்டீன் பக்கமே போகமாட்டார்கள். எல்லாத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கும் 2020-இலிருந்து இலவசக் காலை உணவு என்று அறிவித்தபோது நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். நாடு முழுக்க அது நடைமுறைக்கு வரவில்லை. அதை மறுபடி கையில் எடுக்க வேண்டும்.