நடந்தா கெண்டைக்கால் பிடிக்குதா? மும்பை நம்மாளுங்க கேள்விக்குப் பதில்

மும்பைல வாஸ்குலர் லேப்ல (ரத்தக்குழாய் டெஸ்ட் பண்ற எடம்) டாப்ளர் எடுக்கிற வேலை என்னுது, அதாவது ஒலி அலை வச்சு ரத்த ஓட்டத்தப் பாக்குற டெஸ்ட். கால் ரத்தக்குழாய் சுருக்கம் பத்தி நம்ம ஆளுங்க கேட்டதுக்கு இங்க பதில் எழுதுறேன்.

தாராவி: அப்பாவுக்கு 62 வயசு, பீடி பழக்கம் உண்டு. தாதர் ஸ்டேஷன் பாலம் ஏறினா கெண்டைக்கால் பிடிச்சுக்குது, நின்னா சரியாயிடுது. வயசானா இப்படித்தானே தம்பி?

இல்லண்ணே, வயசுன்னு விட்டுடாதீங்க. நடந்தா வலி, நின்னா சில நிமிஷத்துல போயிடுது, மறுபடி கிட்டத்தட்ட அதே தூரத்துல வருதுன்னா ரத்தக்குழாயத்தான் மொதல்ல பாக்கணும், ஏன்னா நடக்கும்போது தசைக்கு ரத்தம் கூடுதலா வேணும், சுருங்கின குழாய்ல அது போய்ச் சேராது. முதுகுத்தண்டு நரம்பு அழுத்தத்துலயும் கால் வலிக்கும், ஆனா அவங்களுக்கு சும்மா நின்னா பத்தாது, உக்காந்தா இல்ல முன்னால குனிஞ்சாத்தான் குறையும். பீடிய இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, மாத்திரைய விட அது முக்கியம்.

செம்பூர்: ஏபிஐ (கணுக்கால் பிரஷரையும் கை பிரஷரையும் ஒப்பிடுற) டெஸ்ட் எழுதிக்குடுத்திருக்காங்க. ஊசி போடுவாங்களா?

ஊசியே கிடையாதுக்கா. அஞ்சு பத்து நிமிஷம் அசையாம படுக்க வச்சு ரெண்டு கைலயும் ரெண்டு கணுக்கால்லயும் பிபி பட்டை கட்டுவோம். பாதத்து மேல ஒரு எடம், உள்பக்க கணுக்கால் எலும்புக்குப் பின்னால ஒரு எடம், அங்க ஜெல் தடவி டாப்ளர் பேனாவ வச்சா ரத்தம் ஓடுறது உஷ் உஷ்னு உங்க காதுக்கே கேக்கும். பட்டைல காத்தடிச்சா சத்தம் நின்னுடும், மெல்ல காத்த விடும்போது எந்த பிரஷர்ல சத்தம் திரும்புதோ அதக் குறிப்போம். கணுக்கால் பிரஷர, ரெண்டு கைல எது கூடுதலோ அதால வகுக்கணும். கைல 140, கால்ல 98னா 0.70. 1.00ல இருந்து 1.40 வரை நார்மல், 0.90 இல்ல அதுக்கும் கீழ போனா சுருக்கம் இருக்கு. வலி இருந்தும் நார்மல்னு வந்தா நடக்க வச்சுட்டு திரும்ப எடுக்கச் சொல்லுங்க, ஆரம்பக்கட்டம் அப்பத்தான் பிடிபடும்.

மாட்டுங்கா: அம்மாவுக்கு 18 வருஷமா சுகர். ஏபிஐ ரிப்போர்ட்ல 1.45. கூடுதலா இருந்தா நல்லதுதானே?

நல்லது இல்லங்க, இதுலதான் நிறைய பேர் ஏமாந்துடுறாங்க. ரொம்ப நாள் சுகர், கிட்னி பிரச்சினை உள்ளவங்களுக்கு குழாய் சுவர்ல கால்சியம் படிஞ்சு விறைச்சுப்போகும், பட்டை அதை அமுக்கவே முடியாது, அதனால நம்பர் பொய்யா ஏறி நிக்கும். கால் கட்டைவிரல்ல பிரஷர் எடுக்கச் சொல்லுங்க, அதையும் கை பிரஷரால வகுத்தா 0.70க்கு மேல இருக்கணும். சுகர்ல நரம்பு மரத்துப்போறதால வலியும் தெரியாது, தெனம் பாதத்தப் புரட்டி விரலிடுக்கு வரைக்கும் பாருங்க.

டோம்பிவிலி: எனக்கு வலியே இல்ல, நானும் எடுக்கணுமா?

65 தாண்டியிருந்தா, இல்ல 50க்கு மேல சுகர், சிகரெட், பிபி, கொலஸ்ட்ரால்ல ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட கேளுங்க. கால்ல அடைப்புன்னா இதயத்துக்கும் மூளைக்கும் போற குழாய்லயும் இருக்க வாய்ப்பு அதிகம்.

சயான்: அடைப்புன்னா உடனே ஆபரேஷனா?

பெரும்பாலும் இல்ல. கொழுப்புக்கும் ரத்தம் கட்டாம இருக்கவும் மாத்திரை, கூடவே வலி வர்ற வரை நடந்து, நின்னு, திரும்ப நடக்குற பயிற்சி, வாரம் மூணு தடவைன்னு 12 வாரமாவது. ஆனா ராத்திரி பாதம் வலிச்சு கட்டிலுக்கு வெளிய தொங்கப்போட்டாத்தான் தூக்கம் வருது, இல்ல கால் புண்ணு ரெண்டு வாரமாகியும் ஆறலன்னா டாக்டரப் பாக்குறதத் தள்ளிப்போடாதீங்க. கால் திடீர்னு சில்லுன்னு வெளுத்து வலிச்சா அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க, காலக் காப்பாத்த சில மணி நேரம்தான் இருக்கும்.