ப்ரூச்சில் இருக்கும் 'ரகசியக் கடிதத்துக்கு' விலை கொடுக்கலாமா?

கேள்வி: விக்டோரியா அரசி காலத்து (19-ஆம் நூற்றாண்டு) இங்கிலாந்து ப்ரூச் ஒன்றை, அதாவது உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகையை, வாங்க நினைக்கிறேன். எனாமலில் பான்சி, ஃபர்கெட்-மி-நாட், மஞ்சள் ரோஜா என மூன்று பூக்கள். "இது பூக்களால் எழுதிய காதல் கடிதம்" என்று தரகர் இரண்டு மடங்கு விலை சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நகைக்கான விலையை மட்டும் கொடுங்கள். கடிதத்துக்கென்று தனியாக ஒரு காசும் வேண்டாம்.

இந்தப் பூவுக்கு இந்தப் பொருள் என்று தரகர் ஒரு பட்டியல் காட்டுவார். அதை எங்கே எடுத்தார் என்று கேளுங்கள். பூக்களால் செய்தி சொல்லும் 'பூமொழி'க்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அகராதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 1819-இல் பாரிஸில் சார்லட் த லத்தூர் என்ற புனைபெயரில் வந்த புத்தகம் நன்றாக விற்றது. அதைப் பார்த்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆளாளுக்கு ஒரு புத்தகம் போட்டார்கள், பொருளையும் இஷ்டத்துக்கு மாற்றினார்கள். உங்கள் மஞ்சள் ரோஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது நட்பின் பூ. 1884-இல் ஆங்கில ஓவியர் கேட் கிரீனவே படம் வரைந்து வெளிவந்த நூலிலோ அதற்குக் 'காதல் குறைதல்', 'பொறாமை' என்று பொருள். அதன்படி படித்தால் தரகர் சொல்லும் கடிதமே தலைகீழாகிவிடும்.

மற்ற இரண்டு பூக்களின் பொருள் உறுதியானது. பிரெஞ்சில் 'பான்சே' என்றால் எண்ணம், நினைவு. பான்சியின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். இன்னொன்று பெயரிலேயே 'என்னை மறக்காதே' என்கிறது. சரி, ஊருக்கே தெரிந்த பொருளில் ரகசியம் ஏது? கடைகளில் நிறையச் செய்து விற்ற வடிவங்கள் இவை.

பூக்களை உறுதியாகப் படிக்க முடிந்த நகையும் உண்டு. அது எப்படிச் சாத்தியமானது என்று தெரிந்தால் உங்களுக்கே சோதிக்க வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1839-இல் திருமணம் நிச்சயமான கையோடு இளவரசர் ஆல்பர்ட் விக்டோரியா அரசிக்கு ஆரஞ்சுப் பூ வடிவ ப்ரூச் ஒன்றை அனுப்பினார். அது மணப்பெண்ணுக்குரிய பூ. 1846-இல் அதே வரிசையில் தலையில் அணியும் மாலை ஒன்றைக் கொடுத்தார். அதில் பச்சை எனாமலில் நான்கு குட்டி ஆரஞ்சுக் காய்கள். அப்போது அவர்களுக்குக் குழந்தைகள் நான்கு! அரசி அந்தப் பரிசைப் பற்றித் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். யார், யாருக்கு, எப்போது கொடுத்தார்கள் என்பது தெரிவதால்தான் அந்த நான்கு காய்களுக்கும் நம்மால் பொருள் சொல்ல முடிகிறது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் அவை வெறும் காய்கள்.

உங்கள் ப்ரூச்சைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பெயரோ தேதியோ பொறித்திருக்கிறதா? அன்பானவரின் முடியை நினைவாக வைக்கும் சிறு கண்ணாடி அறை இருக்கிறதா? கொக்கி சாதாரண வளைவாக இருந்தால் காலத்துக்குப் பொருந்தும். சுழன்று பூட்டும் கொக்கி என்றால் அது பின்னால் மாற்றியது, இல்லையேல் நகையே பிற்காலத்தது. அப்புறம், மூன்று பூக்களின் எனாமலும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். உடைந்த பழைய நகைகளிலிருந்து பூக்களைப் பிரித்து, ஒன்றாகப் பற்றவைத்து, 'செய்தி' தயாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கோ கிடைத்த பழைய கடிதத்தை நகைப்பெட்டிக்குள் வைத்துத் தருகிறவர்களும் உண்டு.

சான்றிதழ் இருக்கிறது என்பார்கள். அதைப் படியுங்கள், உலோகத்துக்கும் கல்லுக்கும்தான் அது சான்று. ஏலப் பட்டியலில் 'காதல் சின்னம்' என்று ஒருவர் எழுதினால் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. அடுத்த விற்பனையில் அதே வரி வரலாறாகிவிடுகிறது. இதை எத்தனை முறை சுட்டிக்காட்டினாலும் திருத்துவார் இல்லை.

ஆகவே தரகரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த நகையை யார் யாருக்குக் கொடுத்தார், பூக்களின் பொருள் எந்த ஆண்டு நூலின்படி என்பதை பில்லிலேயே எழுதித் தரட்டும். தயங்கினால், சாதாரண எனாமல் ப்ரூச்சுக்கு என்ன விலையோ அதைச் சொல்லுங்கள்.