பாட்டி இருக்கும்போது இல்லம் எதற்கு?

அன்புள்ள அண்ணா,

நான் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஜிம்பாப்வேயில் முடாரே நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் அனாதை இல்லம் கட்ட எங்கள் சர்ச்சில் பணம் சேர்க்கிறார்கள். படம் போட்டுக் காட்டினார்கள், அழுதுவிட்டேன், மாதம் முப்பது பவுண்டு என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். மறுநாள் என்னோடு வேலை பார்க்கும் ஜிம்பாப்வே அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னால், அவர் சிரித்துவிட்டு, "அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டி இருப்பார்களே" என்றார். அவ்வளவுதான், மேலே ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரோ இதெல்லாம் மதம் மாற்றுகிற வியாபாரம் என்கிறார். கொடுக்கலாமா, வேண்டாமா?

ஜே.

அன்புள்ள ஜே.,

அந்த அக்கா சொன்னது சரிதான். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009லேயே சொல்லிவிட்டது. யூனிசெஃப் கணக்கில் அப்பா, அம்மா இருவரில் ஒருவர் இறந்திருந்தாலே அந்தப் பிள்ளை 'ஆர்ஃபன்'. அதைத் தமிழில் 'அனாதை' என்று போட்டால் கதையே மாறிப்போகிறது. நம் ஊரில் அப்பா செத்துப்போன பையனை, அம்மா இருக்கும்போது யாராவது அனாதை என்று சொன்னால் அந்த அம்மா சண்டைக்கு வந்துவிடுவாள்.

இதை எழுதும் நானும் போர்டிங்கில் வளர்ந்தவன்தான். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றினாள், என்னைப் போல அந்த ஹாஸ்டலில் பாதிப் பேர். எனக்கு ஐரோப்பாவில் ஓர் 'அம்மா' உண்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை வார்டன் கரும்பலகையில் கடிதம் எழுதிப் போடுவார், நாற்பது பேரும் அதைப் பார்த்து எழுதுவோம். "எங்கள் பசு கன்று போட்டிருக்கிறது" என்று ஒரு வரி வரும். எங்கள் வீட்டில் கோழிகூடக் கிடையாது. அந்த முகம் தெரியாத அம்மாவின் பணத்தில்தான் படித்தேன், நன்றி இல்லாமல் பேசவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் கொஞ்சம் என் அம்மா கைக்குப் போயிருந்தால் நான் வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் போயிருப்பேன் என்பது ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

சரி, முடாரேக்கு வருவோம். நீங்கள் சொன்ன அதே ஊரில்தான் ஜெஃப் ஃபாஸ்டர் என்ற குழந்தை மருத்துவர் 1987ல் ஃபாக்ட் என்ற கிறிஸ்தவ அமைப்பைத் தொடங்கினார். எய்ட்ஸ் ஊர் ஊராகப் புகுந்த காலம். தொண்ணூறுகளின் கடைசியில் ஜிம்பாப்வேயில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. இல்லம் கட்டி மாளாது. 1993ல் ஃபோகஸ் என்று ஒரு திட்டம் போட்டார்கள். அந்தந்த ஊர்ச் சபைகளிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்தெடுப்பது, பெரும்பாலும் பெண்கள், அவர்களில் பலர் விதவைகள், சிலர் வீட்டிலேயே இறந்துபோன தங்கச்சியின் பிள்ளைகள் இருக்கும். இவர்கள் தங்கள் வட்டாரத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் கணக்கெடுத்து, ரொம்பக் கஷ்டப்படும் வீடு எது என்று பார்த்து, அங்கே திரும்பத் திரும்பப் போவார்கள். திட்டமே அவ்வளவுதான். 1996ல் 90க்கும் குறைவான தொண்டர்கள் 3,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்க்க 9,600 தடவைக்கு மேல் போயிருக்கிறார்கள், ஒரு தடவைக்கு ஆன செலவு 2 டாலருக்கும் கீழே.

போய் என்ன செய்வார்கள்? பாட்டியோடு உட்கார்ந்து பேசுவார்கள். மக்காச்சோளக் குதிரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கூரை ஒழுகுகிறதா, பெரியவள் ஏன் இந்த வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை, சின்னவன் இருமல் எத்தனை நாளாக இருக்கிறது. பேசிக்கொண்டே ஒருத்தி பாத்திரம் கழுவிவிடுவாள், தண்ணீர் எடுத்து வைப்பாள். கூடப் போகும் உதவி என்று பார்த்தால் விதைச் சோளம், உரம், போர்வை, ஆரம்பப் பள்ளிக்கு பீஸ், அதுவும் எல்லாருக்கும் கிடையாது. உங்களுக்கு வசனம் தெரிந்திருக்கும், யாக்கோபு நிருபத்தில் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் "விசாரிக்கிறது" என்றுதான் தமிழ் பைபிளில் இருக்கிறது. நம் ஊரில் சாவு வீட்டுக்கு விசாரிக்கப் போகிறோம் என்று சொல்கிற அதே விசாரிப்பு. கட்டடத் திறப்பு விழா அந்த வசனத்தில் எங்கும் வரவில்லை.

பணத்தைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு, அது படத்தில் வராது. பிறப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் ஏழாம் வகுப்பு அரசுப் பரீட்சைக்குப் பதிவு செய்வதிலேயே பிள்ளைக்குச் சிக்கல் வரும். அதை வாங்கப் போனால் அம்மாவின் இறப்புச் சான்றிதழ் எங்கே என்பார்கள், அதற்கு உறவினர் யாராவது வந்து சொல்லவேண்டும், பஸ் காசு யார் தருவது? கணவன் செத்தவுடன் அவன் வீட்டார் வந்து மாடு, கலப்பை, கட்டில் வரை அள்ளிக்கொண்டு போவதும் அங்கே சகஜம். விதவைக்கும் பிள்ளைகளுக்கும் சொத்தில் உரிமை என்று 1997ல் சட்டம் திருத்தினார்கள், ஆனால் சட்டம் கிராமத்துக்கு நடந்து வராதே. சிவப்பு ரவிக்கை போட்ட மெதடிஸ்ட் மாதர் சங்கப் பெண்கள் நான்கு பேர் கூடவே போய் நின்றால் அந்தக் கொழுந்தனார் கொஞ்சம் யோசிப்பார்.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரர். மதமாற்றம் என்கிற குற்றச்சாட்டு பல இடங்களில் பொருந்தும், ஆனால் முடாரே பக்கத்தில் மாற்றுவதற்கு ஆள் அதிகம் இல்லை, பெரும்பாலானோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். அதற்காக சபை என்றாலே நல்லது என்றும் நான் சொல்ல மாட்டேன். முடாரே இருக்கும் அதே மானிகாலாந்து மாகாணத்தில் 2022ல் தட்டம்மை கிளம்பியது, நாடு முழுக்கச் சுமார் 700 பிள்ளைகள் செத்தார்கள். வெள்ளை அங்கி போடும் அப்போஸ்தல சபைகள் சிலவற்றில் தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். இன்னொரு பக்கம், அதே மாகாணத்தில் புஹெரா என்ற வட்டாரத்தில் முரம்பிண்டா மிஷன் ஆஸ்பத்திரி போன்ற இடங்கள் இல்லாவிட்டால் கிராமத்துத் தாய்மாருக்கு எச்.ஐ.வி. மாத்திரை கிடைத்திருக்காது. அம்மா உயிரோடு இருந்தால் அனாதை ஏது? எந்த இல்லத்தையும்விட நான் அந்த மாத்திரைக்குத்தான் முதலில் காசு கொடுப்பேன்.

ஒரு பிள்ளையை மாதாமாதம் தாங்குவது வீண் என்றும் நினைக்க வேண்டாம். இப்படி மாதாமாதம் பணம் வாங்கிப் பிள்ளைகளுக்கு உதவும் கம்பாஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் உதவியை வைத்து உகாண்டா, கென்யா, இந்தியா உள்பட ஆறு நாடுகளில் பொருளாதார ஆய்வாளர்கள் செய்த ஆராய்ச்சி 2013ல் வந்தது. உதவி பெற்ற பிள்ளைகள் ஓராண்டு முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். அதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் இருந்துகொண்டே உதவி பெற்றவர்கள். ருவாண்டா 2012ல் இல்லங்களையே படிப்படியாக மூடிவிட்டுப் பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது, இனப்படுகொலையைப் பார்த்த நாடு.

உங்கள் சர்ச்சில் இன்னும் அஸ்திவாரம்கூடப் போடவில்லை என்றால் இப்போதே கேளுங்கள். வரப்போகும் பிள்ளைகள் இன்று ராத்திரி யார் வீட்டில் தூங்குகிறார்கள்? அந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தால் அவர்கள் அங்கேயே இருக்கலாம்? கமிட்டியில் முகம் சுளிப்பார்கள், போதகர் பிறகு பேசலாம் என்பார், பரவாயில்லை. இல்லம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் மட்டும் வேறு மாதிரி சொல்லியிருப்பேன், உள்ளே இருக்கும் பிள்ளைகளின் சோற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

அந்த அக்காவிடம் இன்னொரு தடவை பேசுங்கள், இந்தத் தடவை டீ வாங்கிக் கொடுத்து. அவர் சம்பளத்தில் மாதாமாதம் ஊரில் எத்தனை பேருக்கு பீஸ் போகிறது, யார் யாருடைய பிள்ளைகள் என்று கேட்டுப் பாருங்கள். சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.