பார், பெர்டி, போகி: கோல்ஃப் கணக்கு புரிய

டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அதிதி அசோக்கின் ஸ்கோரை 'மைனஸ் 15' என்று போட்டார்கள். மைனஸ் வாங்கினால் நல்லதா?
– வாசகர், திருநெல்வேலி

நல்லதுதான். கோல்ஃபில் குறைவாக அடித்தவருக்கே வெற்றி. கைதேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை (தொடங்கும் இடத்திலிருந்து பந்து உள்ளே விழும் வரை) எத்தனை அடியில் முடிப்பார் என்ற எதிர்பார்ப்புதான் 'பார்'. அந்த ஒலிம்பிக் போட்டி நடந்த கசுமிகசெக்கி மைதானத்தில் 18 குழிகளுக்கும் சேர்த்து பார் 71. நான்கு சுற்றுக்கு 284. அதிதி அடித்தது 269. கழித்துப் பாருங்கள், 15 குறைவு. தங்கம் வென்ற நெல்லி கோர்டா 267, அடுத்த இருவர் 268. ஓர் அடியில் பதக்கம் கை நழுவியது.

மொத்த அடிகளையே காட்டினால் என்ன என்று தோன்றும். ஒருவர் 10ஆவது குழியில் நிற்பார், இன்னொருவர் 16ஐ முடித்திருப்பார். மொத்தத்தை வைத்து யார் முன்னிலை என்று சொல்ல முடியாது. பாரோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

குறைந்த பார் என்றால் எளிதான குழியா?
– வாசகி, கோவை

இல்லை. பாரை முக்கியமாகத் தீர்மானிப்பது தூரம். ஆண்களுக்குச் சுமார் 260 கெஜம் வரை பார் 3, அதற்கு மேல் 4, இன்னும் நீண்டால் 5. எதுவானாலும் 'கிரீனில்', அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பந்தை உருட்ட இரண்டு அடி அதில் அடக்கம். அதாவது பார் 3 குழியில் முதல் அடியிலேயே பந்து கிரீனுக்குப் போய்விட வேண்டும்.

அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்து 12ஆவது குழி வெறும் 155 கெஜம், பார் 3. ஆனால் கிரீனுக்கு முன்னால் ஓடை. அங்கே நடக்கும் பெரிய போட்டியான மாஸ்டர்ஸின் 2016 கடைசிச் சுற்றில் முன்னிலையில் இருந்த ஜோர்டன் ஸ்பீத்துக்கு அங்கே விழுந்தது 7. முதல் அடி தண்ணீரில்: 1. அபராதம்: 2. பந்தை மாற்றி அடித்தது மறுபடியும் தண்ணீரில்: 3. அபராதம்: 4. ஐந்தாவது அடி கிரீனைத் தாண்டி மணல் பள்ளத்தில். ஆறாவதில் வெளியே, ஏழாவதில் குழிக்குள். பந்தைத் தொட்டது ஐந்தே முறை, ஸ்கோர் கார்டில் 7.

பெர்டி, ஈகிள் என்ற பறவைப் பெயர்களை எப்படி நினைவில் வைப்பது?
– வாசகர், ஈரோடு

பறவை பெரிதாகப் பெரிதாக அடி குறைகிறது. பாருக்கு ஒன்று குறைந்தால் பெர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், மூன்று குறைந்தால் ஆல்பட்ராஸ். ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. (நம் போகியில் பழையதைக் கழிப்போம், இந்தப் போகியில் ஒன்று கூடிவிடும்.) ஒரே அடியில் குழிக்குள் போட்டால் 'ஹோல் இன் ஒன்', அது பார் 3இல் ஈகிள், பார் 4இல் ஆல்பட்ராஸ். கார்டில் பெர்டியைச் சுற்றி வட்டமும் போகியைச் சுற்றிக் கட்டமும் போடுவது வழக்கம்.

புதிதாக ஆடுகிறேன். என் கணக்கும் கூட ஆடுபவர் கணக்கும் ஒத்துப்போவதில்லையே?
– வாசகர், சென்னை

பெரும்பாலும் மூன்று இடங்களில் இடிக்கும். அடிக்க வீசிப் பந்தில் படாமல் போனாலும் அது ஓர் அடி. ஒத்திகை வீச்சு கணக்கில்லை. பந்து எல்லைக்கு வெளியே போனாலோ, தேடத் தொடங்கி 3 நிமிடத்தில் கிடைக்காவிட்டாலோ, ஓர் அடி அபராதத்தோடு பழைய இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். முதல் அடி அப்படிப் போனால் அடுத்து அடிப்பது இரண்டாவது அல்ல, மூன்றாவது. இடிக்கும் கடைசி இடம், கிரீனில் குழிக்குச் சின்னத் தூரமே இருக்கும்போது 'இது உள்ளேதான்' என்று அடிக்காமலே பந்தைக் கையில் எடுத்துவிடுவது. நண்பர்களுக்குள் சரி, மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் போட்டியில் செல்லாது.

போட்டியில் உங்கள் கார்டை எழுதுபவர் இன்னொருவர். குழி வாரியாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். உண்மையைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்திட்டால் பொதுவாகத் தகுதிநீக்கம்; கூடுதல் என்றால் அந்தக் கூடுதலே நிற்கும். 1968 மாஸ்டர்ஸில் ராபர்டோ டி விசென்சோ 17ஆவது குழியை 3இல் முடித்தார். கார்டில் 4 என்று எழுதப்பட்டிருந்ததைக் கவனிக்காமல் கையெழுத்திட்டார். சமநிலையில் முடிந்து மறுநாள் தனி ஆட்டத்துக்குப் போயிருக்க வேண்டிய பட்டம், ஓர் அடி வித்தியாசத்தில் பாப் கோல்பிக்குப் போனது.