நோவில்லாவிட்டாலும் கிளினிக் போகத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: விபத்தில் முள்ளந்தண்டு அடிபட்ட தம்பி, கதீற்றரைத் தானே போட்டுச் சலத்தை எடுக்கப் பழகிவிட்டான். நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பிறகேன் வருடாவருடம் கிளினிக்?

நோவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள் அக்கா. நோவைச் சொல்லும் நரம்புதானே அடிபட்டிருக்கிறது. சலப்பை சுருங்கும்போது அதன் வாய்த்தசை விடாமல் இறுகினால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கும். கால் வீங்கி, சாப்பாடு பிடிக்காமல் போகிற நேரத்தில் பெரும்பகுதி போயிருக்கும்.

ஆகவே வருடத்துக்கு ஒரு தடவையாவது இரத்தப் பரிசோதனையும் சிறுநீரக ஸ்கானும் வேண்டும். சலப்பை அழுத்தம் கூடியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கான். மெல்லிய குழாயால் சலப்பையை நிரப்பி அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் எப்போது தேவை என்பதை டொக்டர் சொல்வார்.

இரத்த ரிப்போட்டில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேற்றினின் தசையிலிருந்து வருவது. கால் தசை மெலிந்தவருக்கு, சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தாலும் அந்த எண் ‘நோர்மல்’ என்றே வரலாம். தம்பியின் பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். ஏறிக்கொண்டு போனால், நோர்மலுக்குள் இருந்தாலும் காட்டுங்கள். தசையைப் பெரிதாகச் சாராத சிஸ்டற்றின் சி பரிசோதனை செய்யலாமா என்றும் கேளுங்கள்.

சலத்தில் கிருமி என்று ரிப்போட் வந்தால் பயப்படாதீர்கள். கதீற்றர் பாவிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அது இருக்கும். காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாமல் அன்டிபயோட்டிக் விழுங்குவது கிருமியைத்தான் பலப்படுத்தும். காய்ச்சல், குளிர் நடுக்கம், சலத்தில் இரத்தம், வழக்கத்தைவிட ஒழுக்கு, கால் இழுப்பு கூடுதல் என்றால் தவணைக்குக் காத்திராமல் போங்கள்.

காயம் நெஞ்சு முள்ளந்தண்டின் ஆறாம் எலும்பிலோ அதற்கு மேலோ என்றால் இன்னொரு விஷயம். திடீரென்று தலையிடி, முகம் சிவந்து வியர்வை வந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது. உடனே நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, சலத்தை எடுத்துவிடுங்கள். குறையாவிட்டால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

கொழும்பில் ஸ்கான் தனியாரில், கிளினிக் அரச வைத்தியசாலையில் என்று ரிப்போட்டுகள் சிதறிப் போகின்றன. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். அடுத்த தவணைக்கு முன் மூன்று நாள், எத்தனை மணிக்கு எவ்வளவு சலம் எடுத்தார் என்று தம்பியை எழுதச் சொல்லுங்கள். ஒரு தடவையில் 500 மில்லிலீற்றரைத் தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.