போதகருக்கே விசுவாசத்தில் சந்தேகம் வருமா? வந்த பிறகும் மேடையில் நின்று பேசுவது நடிப்பு இல்லையா?

வரும். எனக்கு வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற பக்கத்திலிருந்து வரவில்லை.

தென்னிந்தியத் திருச்சபையில் நான் குருவானவராகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பெரும்பகுதி திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசல் கிராமங்களில் கழிந்தது. கொஞ்ச காலம் மதுரை டவுனில் இருந்தேன். எங்கள் சபைகள் பலவற்றுக்கும் வேர் 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன். 1947-இல் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது இவையும் அதில் சேர்ந்தன. வெளியே இருந்து கேட்பவர் போலத் தெரிகிறது, அதனால் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன்.

படிப்பு விசுவாசத்தைக் கெடுத்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்தவன். வேதாகமத்தின் தொடக்கத்தில் மோசேயின் பெயரில் இருக்கும் ஐந்து புத்தகங்களையும் மோசே ஒருவரே உட்கார்ந்து எழுதவில்லை என்று வகுப்பில் கேட்ட அன்று என் அறைத்தோழன் ராத்திரி சாப்பிடவில்லை. எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. எத்தனையோ பேர் சேர்ந்து, அடித்துத் திருத்தி, அழுது எழுதிய புத்தகம் என்றால் அதில் எனக்கும் இடம் இருக்கும் என்று தோன்றியது. சரி, அதை விடுங்கள்.

எனக்குச் சந்தேகம் முதலில் வந்தது திருவிருந்தில். இயேசுவின் கடைசி இராவுணவை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் ஆராதனை அது.

எங்கள் முறைப்படி சபையார் வரிசையாக முன்னால் வந்து முழங்கால் போடுவார்கள். இடது கையின் மேல் வலது கையை வைத்து நீட்டுவார்கள். அப்பத்தை அந்தக் கையில் வைத்துக்கொண்டே போக வேண்டும். எல்லோரும் தலை குனிந்திருப்பதால் முகம் தெரியாது, உள்ளங்கைதான் தெரியும். இத்தனை வருடத்தில் கையைப் பார்த்தே ஆளைச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். விடியுமுன் மல்லிகை பறித்துவிட்டு வருகிறவர்களின் கட்டைவிரல் நகத்தோரம் பச்சையாக இருக்கும். பருத்தி எடுக்கிற கையில் காய்ந்த ஓடு கீறிய கோடுகள். பெயின்ட் அடிக்கிறவர் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ரேகைக்குள் வெள்ளை நிற்கும். ஒரு காலேஜ் பையன் உள்ளங்கையில் பேனாவால் யாருடைய போன் நம்பரையோ எழுதியிருந்தான், அதன் மேலேயே அப்பத்தை வைத்தேன்.

என் முதல் ஊரில் அந்தக் கைகளுக்கு ஒரு வரிசை இருந்தது. எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒரு தெருக்காரர்கள் வந்து பாத்திரத்தில் குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்த பிறகுதான் இன்னொரு தெருவார் எழுந்து வருவார்கள். பாத்திரம் ஒன்றுதான், யார் வாய் முதலில் படுவது என்பதில்தான் விஷயம். வந்த புதிதில் எனக்கு இது தெரியவில்லை. நாலாவது மாதம் தெரிந்தது. ஆறாவது மாதம், பின்னால் இருப்பவர்கள் முதலில் வாருங்கள் என்று அழைத்தேன். அவ்வளவுதான் செய்தேன், பிரசங்கம்கூட வைக்கவில்லை.

அடுத்த மாதம் பதினோரு குடும்பம் திருவிருந்துக்கு வரவில்லை. சந்தாவும் நின்றது. அந்த வருடம், விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில், பூசணிக்காயைக் கேட்க ஆள் இல்லை. முந்தின வருடம் அதே ஏலத்தில், இரண்டு அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் விடக்கூடாது என்று ஒரு சேவலை நாலாயிரம் ரூபாய் வரைக்கும் ஏற்றினார்கள். (அது பக்தியா, பங்காளிச் சண்டையா என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது நான் சீக்கிரமே கற்றுக்கொண்ட பாடம். கோயில் ஓடு மாற்றியது அந்தப் பணத்தில்தான்.) கமிட்டிப் பெரியவர் ஒருவர் கோபமே இல்லாமல் சொன்னார்: “ஐயா, நீங்க மூணு நாலு வருஷத்துல மாறிப் போயிருவீங்க. நாங்க இங்கதான இருக்கணும்.”

அது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இதே மதுரை மிஷனில் 1847-இல், மிஷன் ஊழியர்கள் சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வந்தது. பலர் மறுத்துவிட்டு வேலையை இழந்தார்கள். அவர்கள் வெறும் சம்பளக்காரர்கள் அல்ல. வேதம் வாசித்துக் காட்டியவர்கள், உபதேசம் சொன்னவர்கள். இதைக் கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தபோது அது பழைய கதை. நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு அதே கதைக்குள் அங்கி போட்டுக்கொண்டு நான் நிற்கும்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. கடவுள் இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. இவ்வளவு காலம் வாசித்தும் பாட்டுப் பாடியும் உபவாசம் இருந்தும் ஒரு பாத்திரத்தைத் தாண்ட முடியவில்லையே, அப்படியானால் இதற்குள் உயிர் இருக்கிறதா என்று கேட்டேன்.

அந்த ஊர் பிறகு மாறியதா என்றால், பாதி. ஏழெட்டு குடும்பம் திரும்பி வந்தது, மீதி வேறு சபைக்குப் போனது. எனக்கும் மாற்றலாகிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் ஆளுக்கொரு சின்னக் கோப்பை வந்துவிட்டது. இப்போது இந்தப் பிரச்சினை கண்ணுக்குத் தெரிவதில்லை. தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

சந்தேகம் இரண்டாவது முறை வந்தது டவுனில் இருந்தபோது. அது வேறு மாதிரி.

ஒரு நவம்பரில், சபையில் ஒரு பையனுக்கு டெங்கு. ஒன்பது வயது. ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டி என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவன். மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். அவன் அம்மாவிடம், “கர்த்தர் கைவிட மாட்டார்மா, சுகத்தோட வீட்டுக்கு வருவான்” என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. வாய்ப்பழக்கம். சனிக்கிழமை ராத்திரி அவன் போய்விட்டான்.

மறுநாள் காலை ஆராதனை, சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். சின்னப் பெட்டி, இரண்டு பேர் தூக்கினாலே போதும். புத்தகத்தை விரித்து வாசித்தேன். குரல் நடுங்காமல் வந்ததுதான் எனக்கே பயமாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, காலி வீட்டில் ரேடியோ பாடுகிற மாதிரி.

அதற்குப் பிறகு மூன்று மாதம் என்னால் தனியாக ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போடுவேன், வார்த்தை வராது, எழுந்துவிடுவேன். அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது 88-ஆம் சங்கீதம். துக்கத்தில் தொடங்கித் துதியில் முடியும் சங்கீதங்கள் நிறைய உண்டு. இது அப்படி இல்லை, கடைசி வசனம் வரை விடியாது. அதை யாரோ பாடியிருக்கிறார்கள், யாரோ வெட்டி எறியாமல் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அது போதும் என்று இருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்வியை அப்போது என் மனைவியிடம் நானே கேட்டேன். “நம்பாம நின்னு வாசிக்கிறது நடிப்பு இல்லையா?” அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: “பேசாம வாசிங்க. உங்களுக்காகவா அதை எழுதி வச்சிருக்கு?”

எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இறையியல் இல்லை. ஆராதனை முறைமையில் பாவ அறிக்கை முதல் ஆசீர்வாதம் வரை ஒரு வரிகூட நான் எழுதியது கிடையாது. நான் தெம்பாக இருக்கும் வாரத்திலும் அதே வரிகள், செத்துக் கிடக்கும் வாரத்திலும் அதே வரிகள். பிரசங்கம் மட்டும்தான் என்னுடையது. அந்த மூன்று மாதமும் பிரசங்கத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்தேன். தெரிந்ததை மட்டும் சொன்னேன். “இன்று ஐயா சீக்கிரம் முடித்துவிட்டார்” என்று சிலருக்குச் சந்தோஷம்தான்.

மாற்கு சுவிசேஷத்தில் நாலு பேர் கை கால் விளங்காத ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், வீட்டுக் கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குவார்கள். இயேசு “அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” அவன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று சொன்னார், பிறகு அவனைக் குணமாக்கினார் என்று இருக்கிறது. கட்டிலில் கிடந்தவன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. இதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கட்டிலைத் தூக்குகிறவர்களில் ஒருவனாக என்னை நினைத்துக்கொண்டுதான்.

பிப்ரவரி முதல் ஞாயிறு அந்தப் பையனின் அம்மா திருவிருந்துக்கு வந்தார். அடக்கத்துக்குப் பிறகு கோயிலுக்குள் வந்தது அன்றுதான். கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தையல் ஊசி குத்திய புள்ளிகள் ஆள்காட்டி விரலில். அப்பத்தை எடுத்தேன். “உங்களுக்காகக் கொடுக்கப்பட்ட” என்று தொடங்க வேண்டும். வரவில்லை. அந்த வார்த்தையை அவரிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பின்னால் பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போய்விட்டது. அவர் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “சொல்லுங்கய்யா” என்றார்.

சொன்னேன்.

அன்று ராத்திரி ஜெபம் பெரிதாக ஒன்றும் பீறிட்டு வந்துவிடவில்லை. அவர் பெயரைச் சொன்னேன், பையன் பெயரைச் சொன்னேன், படுத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. எப்போது பழையபடி ஆனது என்று தேதி சொல்லத் தெரியாது. பழையபடி ஆகவில்லை என்பதும் உண்மை. முன்பு சொன்ன சில வாக்கியங்கள் இப்போது என் வாயில் வருவதில்லை. “கடவுள் சித்தம்” என்று சாவு வீட்டில் சொல்வதில்லை. யாராவது சொன்னால் மெதுவாக வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

ஆஸ்பத்திரிக்கு இப்போதும் போகிறேன். சுகம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுப்பதில்லை. கூட இருப்பவரிடம் முதலில் “சாப்பிட்டீங்களா” என்று கேட்பேன். பெரும்பாலும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். கீழே போய் நாலு இட்லி வாங்கி வந்து கொடுத்து, அவர்கள் கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் ஜெபம். அதுவும் நாலு வரி.